கால் ஆணி என்று ஒட்டுப் போடுகிறோம், அடியில் கறுப்பு மட்டும் பரவுகிறது (பினாங்கு)

#1 ஆயர்ஈத்தாம்_கவி

வணக்கம். அம்மாவுக்கு வயது 61, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. இடது குதிகாலின் உள்பக்கம் கறுப்பாக ஒன்று இருக்கிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை, அழுத்தினாலும் ஒன்றும் செய்யவில்லை என்கிறார். கால் ஆணி என்று நினைத்து ஃபார்மசியில் ஆணி ஒட்டு வாங்கிப் போட்டு வருகிறோம். மேல்தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது. கறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

அம்மா வருஷா வருஷம் தைப்பூச ரதத்தோடு டவுனிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் வெறுங்காலில் நடப்பவர். தார் ரோட்டுச் சூட்டில் ரத்தம் கட்டியிருக்கும் என்கிறார் அப்பா. பேனல் கிளினிக்கில் (கம்பெனி ஏற்பாட்டில் பார்க்கும் தனியார் கிளினிக்) காட்டினோம். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, "ஆணிதான், ஒட்டைத் தொடருங்கள்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தீபாவளிக்கு அம்மா கோலம் போட உட்கார்ந்திருந்தபோது தங்கை எடுத்த படத்தில் குதிகால் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போது மிளகு அளவுதான். இப்போது கட்டைவிரல் நகம் அளவு இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் மை கசிந்த மாதிரி பாத வளைவுப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது.

யாருக்காவது இப்படி இருந்ததா? பெரியாஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு இது பெரிய விஷயமா?

#2 தண்ணீர்மலை_ராஜா

தங்கச்சி, பயப்பட வேண்டாம். காவடி எடுக்கும் எங்களுக்கு இதெல்லாம் சகஜம். உள்ளங்காலில் கறுப்பாக ரத்தம் கட்டும், நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினால் சில வாரத்தில் தோலோடு உதிர்ந்துவிடும். எனக்குப் போன வருஷமும் வந்தது, போய்விட்டது.

#3 மிஸ்ஸி_அக்கா

ராஜா தம்பி சொல்வது ரத்தக்கட்டைப் பொறுத்தவரை சரி. உள்ளங்காலில் ரத்தம் கட்டினால் தோல் வளர வளர அது மேலே வந்து உதிர்ந்துவிடும். கவியின் அம்மாவுக்கு இருப்பது தீபாவளியிலிருந்து உதிரவில்லை, பெரிதாகிக்கொண்டு இருக்கிறது. அந்த ஒரு விஷயமே போதும், போய்க் காட்ட வேண்டும்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருஷம் தோல் கிளினிக்கில்தான். நான் டாக்டர் இல்லை, எழுத்தை வைத்து இது என்ன நோய் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் எதைப் பார்த்தால் எங்கள் டாக்டர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்ப்பார்கள் என்று தெரியும். உள்ளங்காலில் தனியாக ஒரு கறுப்பு, வளர்கிறது, ஓரம் ஒழுங்காக இல்லை, வயது 60க்கு மேல். இது அந்த ரகம்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஒரு வகை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் வரும். வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. நம் மாதிரி கறுத்த தோல்காரர்களுக்கும் சீனர், மலாய்க்காரர்களுக்கும் மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. ஆணி, மரு, ரத்தக்கட்டு, இனிப்பு நீர்ப் புண் என்று நினைத்துப் பல மாதம் ஓடிவிடும். கால் அடியை யார் தினம் பார்க்கிறார்கள்?

ஒட்டை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், தோலை ஊறவைத்து உரிக்கும். இனிப்பு நீர் உள்ளவர்கள் காலில் அதைப் போடவே கூடாது, ஆணியாகவே இருந்தாலும். பெட்டியிலேயே எழுதியிருக்கும், பொடி எழுத்தில்.

#4 பாகான்_முனியாண்டி

மிஸ்ஸி அக்கா மேல் மரியாதை உண்டு. ஆனால் தோல் கேன்சர் வெள்ளைக்காரன் நோய். அவன் தோலில் கறுப்பு நிறம் தரும் மெலனின் குறைவு. நாம் தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டி, ரோடு போட்டு, தலைமுறை தலைமுறையாக வெயிலில் கிடந்தவர்கள். யாருக்கு வந்தது? சும்மா அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள். இப்போது எதற்கெடுத்தாலும் கேன்சர்.

#5 பிரிக்பீல்ட்ஸ்_மணி

எனக்கு வந்தது. கேஎல்லில் (கோலாலம்பூர்) லோரி ஓட்டுகிறேன், நல்ல கறுப்பு, என் மெலனினைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

மூக்கு ஓரத்தில் சின்னக் கறுப்பு மரு மாதிரி வந்தது. மச்சம் என்று விட்டுவிட்டேன். மூக்கில் மச்சம் வந்தால் யோகம் என்று மாமியார்கூடச் சொன்னார். அப்புறம் முகம் துடைத்தால் துண்டில் சொட்டு ரத்தம். பொருக்குக் கட்டும், விழும், மறுபடி ரத்தம். பரு என்று நினைத்து, பிறகு ஷேவிங் பிளேடு பட்டது என்று நினைத்து... கடைசியில் மகள் திட்டித்தான் போனேன்.

டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். நடுவில் குழி, சுற்றிலும் முத்து மாதிரி பளபளப்பான விளிம்பு, அதன் மேல் கறுப்புப் பொடி தூவினது போல. பேசல் செல் கார்சினோமா என்று பெயர். உலகத்திலேயே அதிகம் பேருக்கு வரும் தோல் கேன்சர் இதுதானாம். வெள்ளைக்காரர்களுக்கு இளஞ்சிவப்பாக வரும், நமக்குக் கறுப்பாக வரும், அதனால்தான் மச்சம் என்று ஏமாந்துவிடுகிறோம் என்றார். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம், ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும், மூக்கு எலும்புவரை போகும். என்னுடையதை முழுசாக எடுத்துவிட்டார்கள். கன்னத்துத் தோலை இழுத்துத் தைத்தார்கள். இப்போது தழும்பு மட்டும்தான்.

#6 பாலிக்புலாவ்_சுதா

முனியாண்டி அண்ணே, பாப் மார்லியைத் தெரியுமா? ஜமைக்காப் பாடகர். 1977ல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக வந்தது. பந்து விளையாடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். மெலனோமா. 1981 மே மாதம் இறந்துவிட்டார், வயது 36. அவர் வெள்ளைக்காரர் இல்லை.

#7 பாகான்_முனியாண்டி

ஒரு பாடகருக்கு வந்தால் ஊருக்கே வருமா?

#8 மிஸ்ஸி_அக்கா

ஊருக்கே வராது. முனியாண்டி ஐயா சொல்வதில் பாதி உண்மை. மெலனின் நம்மை வெயிலிலிருந்து நன்றாகவே காக்கிறது. பினாங்கில் மத்தியானம், வெயிலின் கடுமையை அளக்கும் யுவி குறியீடு சர்வசாதாரணமாக 11ஐத் தொடும். அப்படியும் ஆஸ்திரேலியாவில் வரும் அளவுக்கு இங்கே வருவதில்லை என்றால் அதற்கு நம் நிறம்தான் காரணம். ஆனால் வெயில் படாத இடத்துக்கு அந்தக் கவசம் எதற்கு உதவும்? "நமக்கு வராது" என்று எல்லோரும், சில டாக்டர்களும்கூட, நினைப்பதால் வந்தவர்கள் தாமதமாக வருகிறார்கள். நோய் குறைவு, வந்தால் முற்றிய நிலையில் வரும். தோல் கிளினிக்கில் எனக்கு எரிச்சல் மூட்டியது இதுதான்.

இணையத்தில் தேடினால் வரும் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. முதுகில் செம்பட்டை மச்சம், மூக்கில் ரோஜா நிறப் பரு. அதோடு ஒப்பிட்டுப் பார்த்து "நமக்கு இப்படி இல்லையே" என்று நிம்மதி அடையாதீர்கள். நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு. உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம், பழைய தழும்பு, கண் இமை, ஆறாத புண்.

இன்னொன்று. கறுப்பாக இருந்தால்தான் மெலனோமா என்றும் இல்லை. நிறமே இல்லாமல், சிவப்புச் சதையாக, தொட்டால் ரத்தம் வரும் கட்டியாக வருவதும் உண்டு. கால் விரலில் அப்படி வந்தால் நகச்சுத்து என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

#9 நிபோங்திபால்_செல்வம்

பழைய தழும்பு என்று மிஸ்ஸி அக்கா சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் சித்தப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் அடுப்பு சரிந்து முழங்காலுக்குக் கீழே நெருப்புக்காயம். ஆறித் தழும்பாகி, தோல் சுருங்கி, பளபளப்பாக இருக்கும். நாங்கள் எல்லாம் பிள்ளையாக இருந்தபோதே அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறோம். 50 வயதுக்கு மேல் அதே இடத்தில் ஒரு புண். செருப்பு உரசியது என்றார், கொசுக்கடியைச் சொறிந்தது என்றார். அரசாங்கக் கிளினிக்கில் தினம் கட்டு மாற்றினார்கள். புண் ஆறவே இல்லை, ஓரம் மட்டும் காலிஃபிளவர் மாதிரி தடித்துக்கொண்டு வந்தது. நாற்றம் வேறு.

கட்டு மாற்றிய ஒரு மலாய்க்கார மிஸ்ஸிதான் டாக்டரைக் கூப்பிட்டு, இது சாதாரணப் புண் மாதிரி இல்லை, ஓரத்தில் சதை எடுத்துப் பாருங்கள் என்று சொன்னார். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்தது, அது ஒரு வகைத் தோல் கேன்சர். தழும்பில் கேன்சர் வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பெரிய ஆபரேஷன், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் இருக்கிறது, நடக்கிறார்.

#10 மிஸ்ஸி_அக்கா

செல்வம், அதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். 1828லேயே பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் எழுதிவைத்தது. நெருப்புக்காயம் பட்டுச் சராசரியாக 30 வருஷம் கழித்து வரும். இவ்வளவு காலம் சும்மா இருந்த தழும்பு இப்போது என்ன செய்துவிடும் என்று நினைப்போம், அங்கேதான் சிக்கல். பல வருஷமாக ஆறாமல் கிடக்கும் எந்தப் புண்ணிலும் இது வரலாம்.

பெண்களுக்கு ஒரு செய்தி. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பு வரியில் தோல் கறுத்து, உரிந்து, புண்ணாகி, அந்தப் புண்ணில் புற்றுநோய் வந்த சம்பவங்கள் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. வேட்டி இறுக்கும் இடத்தில் வருவதைப் பற்றி பம்பாய் மருத்துவர்கள் 1945லேயே எழுதினார்கள். அபூர்வம்தான். ஆனால் பாட்டிகளுக்கு இடுப்பில் ஆறாத புண் இருந்தால் வெட்கப்பட்டுக் காட்டாமல் இருப்பார்கள். கேளுங்கள்.

#11 பிஎம்_தேவி

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். என் கன்னத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக மரு நிறைய இருந்தது. அம்மாவுக்கும் உண்டு, பெரியம்மாவுக்கும் உண்டு. பியூட்டி சலோனில் லேசர் அடித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கவி, உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு ஷாட் அடித்தால் முடிந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருந்து யார் சாவது?

#12 புக்கிட்_ஜம்புல்_விக்கி

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மச்சம் எடுக்கும் பேனாகூட விற்கிறார்கள். ஷாப்பியிலும் கிடைக்கும். எங்கள் பாட்டி சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைப்பார், மரு வெந்து விழுந்துவிடும். அம்மான் பச்சரிசிப் பாலும் நல்லது.

#13 மிஸ்ஸி_அக்கா

தேவி, உங்கள் கன்னத்தில் இருந்தது நம் இனத்தில் குடும்பம் குடும்பமாக வரும் பொடி மரு. ஆபத்தில்லாதது, அழகுக்காக எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். வயதானவர்களுக்கு முதுகில், நெற்றியில் ஒட்டவைத்த மெழுகு மாதிரி சொரசொரப்பாகக் கறுப்பாக வருமே, அதுவும் பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். நூறு பேர் மரு என்று வந்தால் மிகப் பெரும்பாலோருக்கு வெறும் மருதான். அதை நான் மறுக்கவில்லை.

என் வாதம் வேறு. லேசர் அடித்தால், அமிலம் வைத்தால், சுண்ணாம்பு வைத்தால், சதை வெந்து போய்விடும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அது என்னவாக இருந்தது என்று பிறகு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. மேலே கறுப்பு போய்விடும், அடியில் வேர் மாதிரி இருப்பது தழும்புக்குக் கீழே வளரும். மெலனோமாவில் எல்லாமே ஆழத்தை வைத்துத்தான். தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு பிழைத்துக்கொள்ளலாம். அந்த அளவை எடுக்கும் வாய்ப்பைத்தான் சலோன்காரர் புகையாக ஊதிவிடுகிறார்.

அதனால் எங்கே எடுத்தாலும், தனியார் கிளினிக்காக இருந்தாலும், "எடுத்த சதையை லேபுக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். எடுத்த சதையைக் கெடாமல் லேபுக்கு அனுப்பும் ஃபார்மலின் டப்பா இல்லாத இடத்தில் கறுப்பு மச்சத்தை எடுக்கவே விடாதீர்கள்.

#14 கடலோரக்_காற்று

ஒரு கேள்வி. என் மனைவிக்குக் கை கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு. கதவில் அடிபட்டது என்கிறாள். எப்படித் தெரிந்துகொள்வது?

#15 மிஸ்ஸி_அக்கா

அடிபட்ட ரத்தம் நகத்தோடு நகரும். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதி. கறுப்பு தொடங்கும் இடத்தில் பேனாவால் நகத்தில் ஒரு கோடு போட்டு, அழிய அழியப் புதுப்பித்து வாருங்கள். சில வாரத்தில் கோட்டுக்கும் நகத்தின் அடித்தோலுக்கும் நடுவில் சுத்தமான நகம் தெரிந்தால், கறுப்பும் கோட்டோடு சேர்ந்து முன்னால் போயிருந்தால், அது ரத்தம்.

அடித்தோலிலிருந்து நுனிவரை ரிப்பன் மாதிரி நிற்கிறது, நகரவில்லை என்றால் அது நகத்தில் நிறம் உற்பத்தியாவது. நம்மவர்களுக்குப் பல விரல்களில் அப்படி மெல்லிய கோடுகள் சாதாரணமாக இருக்கும், பயமில்லை. ஒரே ஒரு விரலில், அதுவும் கட்டைவிரலில், நடுவயதுக்கு மேல் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் போக வேண்டும். கறுப்பு நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் ஏறியிருந்தால் பேனா சோதனையெல்லாம் வேண்டாம், நேராகப் போங்கள்.

#16 மட்டுறுத்துநர்

பாதம், நகம், இன்னும் வேறு இடப் படங்கள் எல்லாம் வந்து குவிகின்றன. நீக்கிவிட்டேன். படத்தை வைத்து இங்கே யாரும் நோய் சொல்ல வேண்டாம். தனிச்செய்தியில் மூலிகைப் பொடி விற்ற கணக்கு முடக்கப்பட்டது.

#17 சிம்பாங்அம்பாட்_ஜெயா

எல்லாம் சரி. ஆனால் கத்தி பட்டால்தானே பரவுகிறது? எங்கள் தெருவில் ஒருவர் நன்றாக இருந்தார். கழுத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் பயாப்சி, சதை எடுத்துச் சோதிப்பது, என்று குத்தினார்கள், அதற்கப்புறம் சீக்கிரமே போய்விட்டார். ஊசி படாமல் இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்று அவர் மனைவி இன்றும் அழுகிறார்.

#18 மிஸ்ஸி_அக்கா

ஜெயா, அந்தம்மாவின் வேதனையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். கட்டி பெரிதாகி, கழுத்தில் கையில் தட்டுப்படும் அளவுக்கு வந்தபிறகுதான் போயிருக்கிறார். கழுத்துக் கட்டி பல சமயம் வேறு எங்கோ இருக்கும் நோய் நெறிகட்டிக்கு வந்து சேர்ந்ததன் அடையாளம். பயாப்சி அன்று நோய் தொடங்கவில்லை, அன்று பெயர் தெரிந்தது. தோலில் வரும் மெலனோமாவைப் பற்றி இதையே குறிவைத்து ஆராய்ந்திருக்கிறார்கள், பயாப்சி செய்ததால் நோயாளியின் நிலை மோசமாவதில்லை. செய்யாமல் தள்ளிப்போட்டால் ஆழம் கூடும், அதுதான் மோசமாக்கும்.

#19 பட்டர்வொர்த்_லட்சுமி

நடுவில் ஒன்று. எங்கள் அத்தைக்கு மேல் இமையில் கண்கட்டி. கீறி எடுத்தார்கள், வந்தது. மறுபடி எடுத்தார்கள், அதே இடத்தில் மறுபடி வந்தது. இமை முடியும் அந்த இடத்தில் மட்டும் கொட்டிவிட்டது. சூடு, சூடு என்று குளிர்ச்சிக்கு வெள்ளரிக்காய் வைக்கிறார். இதுவும் இந்தக் கணக்கில் வருமா?

#20 மிஸ்ஸி_அக்கா

வரலாம். வயதானவர், அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கண்கட்டி, இமை முடி கொட்டுவது. மூன்றும் சேர்ந்தால் கண் டாக்டர் சதையை லேபுக்கு அனுப்பியே ஆக வேண்டும். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோய் அச்சு அசல் கண்கட்டி மாதிரியே நடிக்கும். வெள்ளைக்காரர்களைவிட ஆசியர்களிடம் அதிகம் பார்க்கப்படுவது அது. அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பு இரண்டு தடவை எடுத்ததற்கு லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

#21 ஆயர்ஈத்தாம்_கவி

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தோம். அடுத்து போகிறவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) 1 வெள்ளி (ரிங்கிட்). காலையில் போனால் நல்லது. அங்கே இருந்த இளம் டாக்டர் அம்மாவைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து இரண்டு பாதத்தையும், விரல் இடுக்குகளையும் பார்த்தார். தீபாவளிப் படத்தையும் காட்டினேன், அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். உடனே பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குச் சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) எழுதி, அவரே ஃபோன் பண்ணித் தேதியை முன்னால் இழுத்துக் கொடுத்தார். நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. பணத்துக்காகப் பயந்து யாரும் வீட்டில் இருக்க வேண்டாம்.

தோல் டாக்டர் கையில் ஒரு சின்னக் கருவி, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. டெர்மோஸ்கோப் என்றார்கள். குதிகாலில் ஜெல் தடவி அதை வைத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். பாதத்தில் நமக்குக் கைரேகை மாதிரி வரிவரியாக இருக்கிறதே, அதில் மேடும் பள்ளமும் உண்டு. சாதாரண மச்சத்தில் நிறம் பள்ளத்தில் ஓடுமாம், மெலனோமாவில் மேட்டில் ஏறி நிற்குமாம். அம்மாவுக்குப் பழுப்புப் பட்டைகள் மேட்டின் மேலேயே தடித்துப் போயிருந்தன. பள்ளங்கள் வெள்ளைக் கோடுகளாக நடுவில் தெரிந்தன. எனக்கே புரிந்தது.

அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, கறுப்பு முழுவதையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து எடுத்தார்கள். எடுத்த துண்டின் ஒரு முனையில் நூல் முடிச்சுப் போட்டு டப்பாவுக்குள் போட்டார்கள். எந்த முனை மேலே, எது கீழே என்று லேபில் தெரிவதற்காம். அம்மா, "இவ்வளவுக்கா இத்தனை பேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா வெளியே காரிடாரில் கந்த சஷ்டி கவசம்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.

#22 தண்ணீர்மலை_ராஜா

கவி, வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள்.

#23 பாகான்_முனியாண்டி

இன்னும் ரிப்போர்ட் வரவில்லையே, அதற்குள் ஏன் எல்லோரும் முடிவு கட்டுகிறீர்கள். ஒன்றும் இருக்காது.

சரி, ஒரு விஷயம். எனக்குத் தொடையில் வட்டமாகப் படை, ரொம்ப வருஷமாக. கடைக் களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் வரும். இது படைதானே?

#24 மிஸ்ஸி_அக்கா

பூஞ்சைப் படை சரியான களிம்புக்குப் பெரும்பாலும் போய்விடும், அல்லது இடம் மாறிப் பரவும். ஒரே இடத்தில் ஒரே வட்டம், வருஷக்கணக்கில், மெதுவாக மட்டும் விரிந்தால் போவன் நோய் என்று ஒன்று உண்டு. ஸ்குவாமஸ் செல் கேன்சரின் மேல்தோல் நிலை அது. படை, கரப்பான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆர்சனிக் கலந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பல வருஷம் கழித்து வரும். 1970களில் சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கு விற்ற நாட்டு மாத்திரைகளில் ஆர்சனிக் இருந்தது தெரியவந்தது. பாஷாணம் சேர்ந்த மருந்து எதுவும் சாப்பிட்டிருக்கிறீர்களா?

உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, ஐயா. வெறும் படையாகவே இருக்கலாம். சொரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 1 வெள்ளிதான்.

#25 பாகான்_முனியாண்டி

மூட்டு வலிக்கு ஒரு வைத்தியரிடம் பொடி சாப்பிட்டேன். என்ன கலந்தார் என்று யாருக்குத் தெரியும். பார்ப்போம்.

#26 ஆயர்ஈத்தாம்_கவி

ரிப்போர்ட் வந்துவிட்டது. மெலனோமாதான். ஆழம் 0.7 மில்லிமீட்டர், மேலே புண் ஆகவில்லை. சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். சுற்றிலும் இன்னும் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்து, தோல் ஒட்ட வேண்டுமாம். இந்த ஆழத்துக்கு நெறிகட்டி ஆபரேஷன் பொதுவாகத் தேவைப்படாது என்றார். கீமோவும் இல்லை.

அம்மா அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை அளவைக் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒட்டிய தோல் பிடிக்காதாம். இப்போது வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி நிறுத்தியாகிவிட்டது, அம்மாவுக்கு அதுதான் பெரிய துக்கம்.

மிஸ்ஸி அக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

#27 மிஸ்ஸி_அக்கா

கவி, 0.7 நல்ல எண். மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிய தோல் பிடிக்கும்வரை குதிகாலை ஊன்றவே கூடாது. பாத்ரூமுக்கு வாக்கர் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு தேடினால் கிடைக்காது. படுக்கும்போது கால் தலையணையில். புண் ஆறியபிறகு தழும்பின் ஓரத்திலும் தழும்புக்கும் தொடை இடுக்குக்கும் நடுவிலும் புதுப் புள்ளியோ தோலுக்கடியில் உருண்டையோ வருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், குளிக்கும்போது செய்தால் மறக்காது. தொடை இடுக்கில் நெறி கட்டினால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். மறு காலையும் பாருங்கள். நீங்களும் உங்கள் தங்கையும் உங்கள் கால்களையும்தான், குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் ஒருமுறை உடம்பு முழுதும் காட்டிக்கொள்வது வழக்கம்.

லேப் ரிப்போர்ட் நகல் ஒன்றை வாங்கி வீட்டு ஃபைலில் வையுங்கள். பல வருஷம் கழித்து வேறு டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது அந்த ஆழத்தைத்தான்.

#28 பட்டர்வொர்த்_லட்சுமி

அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். முன்பு எடுத்த இடத்தில் லேபுக்கே அனுப்பவில்லையாம், கேட்டதற்குக் கண்கட்டிக்கு யார் அனுப்புவார்கள் என்றார்கள். இந்த டாக்டர் இப்போது அனுப்பியிருக்கிறார். முனியாண்டி அண்ணே, நீங்கள் போனீர்களா?

#29 பாகான்_முனியாண்டி

வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மருமகள் விடவில்லை.

#30 மட்டுறுத்துநர்

கண் இமை பற்றிய கேள்விகள் அதிகமாக வருவதால் #19, #20, #28 ஆகியவற்றின் நகலோடு தனி இழை தொடங்கியிருக்கிறேன். லட்சுமி, ரிப்போர்ட் வந்ததும் அங்கே எழுதுங்கள். கவியின் அம்மாவைப் பற்றிய பதிவுகள் இங்கேயே தொடரட்டும்.